குடிநீர்த் தொட்டியில் வளரும் உயிர்ப்படலம்

அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர் ஆகிய கொம்யூன்களின் சிற்றூர்களில் குடிநீர் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்தே பெறப்படுகிறது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து இறைக்கப்படும் நீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றப்பட்டு, குளோரின் கலக்கப்பட்டுக் குழாய்களின் வழியே தெருக்களை அடைகிறது. கிணறு ஆழமானது, நீர் தெளிவானது, மருந்தும் முறைப்படி இடப்படுகிறது. அவ்வாறிருந்தும் சில வேளைகளில் கடைசித் தெருக்களிலுள்ள குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக் காண்பது ஏன் என்னும் வினா ஊராட்சிப் பொறுப்பில் உள்ளோர் பலருக்கும் எழுவதுண்டு. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் அதிகம் கவனிக்கப்படாத ஒன்றைப் பற்றி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தொட்டியின் சுவரிலும் குழாயின் உட்புறத்திலும் படிந்து வளரும் உயிர்ப்படலம் என்பதே அது.

உயிர்ப்படலம் என்பது யாது?

நீண்ட நாள் தேய்க்காத குடத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தால் வழவழப்பான ஒரு பூச்சு தட்டுப்படும். மாடுகள் நீர் அருந்தும் தொட்டியின் விளிம்பிலும், குளத்துப் படிக்கட்டின் கல்லிலும், சரியாகக் கழுவப்படாத பால் கேனின் மூடியிலும் இவ்வழுக்கலைக் காணலாம். காலையில் பல் துலக்குமுன் நாவினால் பற்களைத் தடவினால் உணரப்படும் பூச்சும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மக்கள் இதனைப் பாசி என்றும் வழுக்கல் என்றும் அழுக்கு என்றும் வழங்குகின்றனர். உண்மையில் அது வெறும் அழுக்கன்று. கோடிக்கணக்கான நுண்கிருமிகள் ஒன்றுகூடி அமைத்துக்கொண்ட குடியிருப்பே அது.

நீரில் தனித்து மிதந்து திரியும் கிருமி, சுவரையோ கல்லையோ அடைந்தவுடன் அதனைப் பற்றிக்கொள்கிறது. சில மணி நேரத்திற்குள் அது பெருகத் தொடங்குகிறது. பின்னர், சர்க்கரை இனத்தைச் சேர்ந்த பசை போன்ற ஒரு பொருளைத் தன்னைச் சுற்றிலும் சுரக்கிறது. அப்பசையில் வேறு இனக் கிருமிகளும் மண் துகளும் இரும்புத் துருவும் வந்து ஒட்டுகின்றன. நாளடைவில் பசைக்குள் சிறு சிறு வாய்க்கால்கள் உண்டாகி, உட்புறத்திலுள்ள கிருமிகளுக்கும் நீரும் உணவும் சென்று சேர்கின்றன. படலத்தை உலர்த்தி நிறுத்துப் பார்த்தால், அதன் எடையில் பெரும்பகுதி இப்பசையாகவே இருக்கும்; கிருமிகளின் பங்கு பெரும்பாலும் பத்தில் ஒன்றுக்கும் குறைவே. ஓர் ஊரில் வீடுகளைவிட மதிலும் அகழியும் பெரியனவாக இருந்தால் அவ்வூரைப் பகைவர் எளிதில் வெல்ல முடியாதன்றோ? கிருமிகளின் நிலையும் அத்தகையதே.

ஹாலந்து நாட்டைச் சேர்ந்த லேவன்ஹூக் என்பவர் 1683-ஆம் ஆண்டிலேயே தம் பற்களில் படிந்திருந்த வெண்பூச்சைத் தாமே செய்த உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்து, அதில் நெளியும் நுண்ணுயிர்களைக் கண்டு எழுதினார். எனினும், கிருமிகள் இயற்கையில் தனித்து வாழ்வதைவிட ஒட்டிக் கூடி வாழ்வதே பெரும்பான்மை என்னும் உண்மை, கனடா நாட்டில் பணியாற்றிய காஸ்டர்ட்டன் என்னும் அறிஞரும் அவருடைய தோழர்களும் 1978-ஆம் ஆண்டில் எழுதிய பின்னரே பரவலாக அறியப்பட்டது. குடிநீர்க் குழாய்களை ஆராய்ந்தோர் கூறும் கணக்கு நம் கவனத்திற்குரியது. குழாய் அமைப்பிலுள்ள கிருமிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 95 பங்கு சுவரில் ஒட்டியும், 5 பங்கு மட்டுமே ஓடும் நீரிலும் உள்ளன என்று அவர்கள் மதிப்பிட்டுள்ளனர். ஆகவே, குழாயைத் திறந்து ஒரு குவளை நீரை எடுத்துச் சோதிப்பவர், இருப்பதில் மிகச் சிறிய பகுதியையே காண்கிறார்.

குளோரின் ஏன் தோற்கிறது?

நீரில் மிதக்கும் கிருமியைக் கொல்வதற்குச் சிறிதளவு குளோரின் போதும். படலத்தில் வாழும் கிருமியிடம் அதே அளவு செல்லுபடியாவதில்லை. குளோரின் எப்பொருளைத் தொட்டாலும் அதனுடன் வினைபுரிந்து தானும் அழியும் தன்மையுடையது. படலத்தின் மேற்பசையைத் தாக்குவதிலேயே அதன் வலிமை செலவாகிவிடுகிறது. அடியிலுள்ள கிருமிகளை அது சென்றடைவதில்லை. மேலடுக்கு அழிந்தாலும் கீழடுக்கு மீண்டும் வளர்கிறது. நீரோட்டம் திடீரென மிகும்போது படலத்தின் துண்டுகள் பெயர்ந்து நீருடன் கலந்து வீடுகளைச் சென்றடைகின்றன.

இதனால் இரண்டு தீமைகள் விளைகின்றன. முதலாவது, தொட்டியில் இட்ட மருந்து வழியிலுள்ள படலத்தாலேயே உண்ணப்பட்டு, கடைசி வீட்டை அடையுமுன் தீர்ந்துபோகிறது. இரண்டாவது, உடைந்த குழாயின் வழியே வெளியிலிருந்து சாக்கடைக் கிருமி ஏதேனும் புகுமாயின், அதனைத் தடுக்கக் குளோரின் மிச்சமில்லை. ஒளிந்துகொள்ளப் படலமும் ஆயத்தமாக உள்ளது. படலத்திலுள்ள கிருமிகள் யாவும் நோய் விளைப்பன அல்ல. பெரும்பாலானவை தீங்கற்றவையே. ஆயினும் தீங்கற்ற குடிகள் கட்டிய கோட்டையில் தீயோன் ஒருவன் புகலிடம் பெறக்கூடும் என்பதே அஞ்சத்தக்கது.

வாந்திபேதியும் கழிமுகமும்

வாந்திபேதிக் கிருமியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். ஜெர்மானிய அறிஞர் இராபர்ட் காக் 1884-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நோயாளிகளிடமும், மக்கள் பயன்படுத்திய குளத்து நீரிலும் இக்கிருமியைக் கண்டறிந்தார். அது நோயாளியின் குடலிலிருந்தே வருவது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகங்களே அதன் இயற்கையான இருப்பிடம் என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டியது. அங்கு அது, நீரில் மிதக்கும் மிகச் சிறிய ஓட்டுயிர்களின் உடல்மீது படலமாக ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. 1992-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அதுவரை அறியப்படாத ஒரு புதிய வகை வாந்திபேதிக் கிருமி முதலில் இனங்காணப்பட்ட நகரங்களுள் சென்னையும் ஒன்று. ஆகவே, இது தொலைவிலுள்ள நாடுகளின் செய்தியன்று. சங்கராபரணி ஆறு இரு கிளைகளாய்க் கடலிற் கலக்கும் அரியாங்குப்பம் பகுதியும் கழிமுக நிலமே.

இக்கிருமி ஓட்டுயிரின்மேல் ஒட்டி வாழ்கிறது என்னும் அறிவிலிருந்து எளிய நன்மை ஒன்றும் பிறந்தது. தனிக் கிருமியைத் துணியால் வடிகட்ட இயலாது. ஆனால் அது ஒட்டியுள்ள ஓட்டுயிரை வடிகட்டலாம். ரீட்டா கோல்வெல் என்னும் அம்மையாரும் வங்கதேச ஆய்வாளர்களும், மட்லாப் வட்டாரத்தின் 65 கிராமங்களில் பழைய பருத்திப் புடவையை நான்கு முறைக்குக் குறையாமல் மடித்து அதன் வழியே நீரை வடிகட்டுமாறு பெண்களுக்குக் கற்பித்தனர். வாந்திபேதி ஏறத்தாழ பாதியளவு, அதாவது நூற்றுக்கு 48 பங்கு குறைந்ததாக 2003-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். புதுப் புடவையைவிடப் பழம்புடவையே சிறந்தது. நூல் தளர்ந்து பருத்திருப்பதால் அதன் கண்கள் சிறுத்திருக்கும். இது காய்ச்சிய நீருக்கு ஈடாகாது. எனினும் விறகும் எரிவாயுவும் கிட்டாத வெள்ளக் காலத்தில் பயன்படும் முறையாகும்.

காரைக்கால் கற்பித்த பாடம்

புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த காரைக்காலில் 2022-ஆம் ஆண்டு வயிற்றுப்போக்கு நோய் பரவிப் பல நூறு பேர் சிகிச்சைக்கு வந்தனர். சோதனையில் வாந்திபேதி உறுதிப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 3-ஆம் நாள் அங்குப் பொதுச் சுகாதார அவசர நிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகளும் கல்லூரிகளும் மூன்று நாட்கள் மூடப்பட்டன. வாந்திபேதி முன்னோர் காலத்துப் பிணி, இப்பொழுது இல்லை என்று எண்ணியிருந்தோர் அனைவருக்கும் அது எச்சரிக்கையாக அமைந்தது. நோய் வந்த பின்னர்த் தொட்டியைக் கழுவுவதும் குழாயைத் திருத்துவதும் எங்கும் நடைபெறும். நோய் வருமுன் அவற்றைச் செய்யும் ஊரே முன்னேறிய ஊராகும்.

உடலினுள் உயிர்ப்படலம்

குழாயில் நிகழ்வதே மனித உடலிலும் நிகழ்கிறது. பற்களில் படியும் பூச்சு நாள்தோறும் நீக்கப்படாவிடின், அதிலுள்ள கிருமிகள் இனிப்பைப் புளிப்பாக்கிப் பல்லை அரிக்கின்றன. ஈறு வீங்கிக் குருதி கசிகிறது. நீரிழிவு நோயாளியின் காலில் ஏற்படும் புண் ஆறாமல் நீடிப்பதற்கும் இப்படலம் ஒரு காரணமாகும். மருத்துவர் மருந்திடுவதோடு நில்லாது, புண்ணைச் சுரண்டித் தூய்மை செய்வது இதனாலேயே. மருத்துவமனையில் பொருத்தப்படும் சிறுநீர்க் குழாயிலும், செயற்கை மூட்டிலும், இதய வால்விலும் படலம் பற்றக்கூடும். டைபாய்டு காய்ச்சல் நீங்கிய சிலரது பித்தப்பைக் கற்களில் அந்நோய்க் கிருமி படலமாக ஒட்டி வாழ்ந்து, நோயின் அறிகுறி எதுவுமின்றி ஆண்டுக்கணக்கில் மலத்தின் வழியே வெளிப்படுவதும் உண்டு. உணவு சமைப்போர் கை கழுவுதலின் இன்றியமையாமை இதனால் விளங்கும்.

தனித்துள்ள கிருமியைக் கொல்லும் மருந்தைப் போல் நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு இட்டாலும் படலத்திலுள்ள கிருமி தப்பிவிடக்கூடும் என்று சோதனைச்சாலைகளில் கண்டறிந்துள்ளனர். ஆகவே, மருத்துவர் ஐந்து நாட்களுக்குக் கொடுத்த மாத்திரையை இரண்டே நாளில் நிறுத்துவதும், கடையில் தாமாகவே கேட்டு வாங்கி உண்பதும் தீங்கு பயக்கும். மேலடுக்குக் கிருமிகள் மடிந்து நோய் தணிந்தது போல் தோன்றும்; எஞ்சியவை மீண்டும் பெருகும்.

உழவருக்கும் கறவை வைத்திருப்போருக்கும்

பால் கேனையும் கறவைப் பாத்திரத்தையும் நீரால் மட்டும் அலசினால் கொழுப்பும் புரதமும் ஒட்டிய இடத்தில் படலம் வளரும். காலைப் பால் மாலைக்குள் திரிவதற்கு இதுவும் காரணமாகலாம். கறந்து முடிந்தவுடன் முதலில் குளிர்ந்த நீரால் அலசி, பின்னர் வெந்நீரும் சோப்புத் தூளும் கொண்டு தூரிகையால் தேய்த்து, வெந்நீரால் கழுவி, வெயிலில் கவிழ்த்து உலர்த்த வேண்டும். உலர்ந்த இடத்தில் படலம் வளராது. மாட்டின் மடிவீக்க நோய் மருந்திட்டும் திரும்பத் திரும்ப வருவதற்கு, மடியினுள் படலமாகத் தங்கும் கிருமிகளும் காரணமாகின்றன. கறக்குமுன்னும் பின்னும் மடியையும் கையையும் தூய்மை செய்தல் சிறந்த தடுப்பாகும். சொட்டுநீர்ப் பாசனக் குழாய்களின் துளைகள் அடைபடுவதும், ஆழ்துளைக் கிணற்று நீர் செம்பழுப்பு வழுக்கலுடன் வருவதும் பெரும்பாலும் இத்தகைய படலங்களாலேயே.

உயிர்ப்படலம் முழுவதும் பகையன்று என்பதையும் இங்குக் கூறுதல் வேண்டும். நாம் நெல்லுக்கு இடும் அசோஸ்பைரில்லம் என்னும் நுண்ணுயிர் உரம் வேரில் ஒட்டிப் படலமாக வளர்ந்தே பயிருக்கு உதவுகிறது. மணல் வடிகட்டியின் மேற்பரப்பில் உண்டாகும் மெல்லிய படலமே அதன் வழிச் செல்லும் நீரிலுள்ள கிருமிகளைப் பிடித்து உண்கிறது. வேண்டிய இடத்தில் அது நண்பன். குடிநீர்த் தொட்டியிலும் குழாயிலும் பகைவன்.

ஊராட்சியின் கடமை

தொட்டியைப் பராமரிக்கும் பொறுப்பு பொதுப்பணித் துறையுடையதாயினும் கொம்யூன் பஞ்சாயத்துடையதாயினும், அது நடைபெறுகிறதா என்று காண்பது ஊரார் கடமையாகும். முதற்கண் நினைவிற்கொள்ள வேண்டிய விதி ஒன்றுண்டு: தேய்த்த பின்னரே மருந்து. தேய்க்காத சுவரில் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் அது பசைக்கே இரையாகும்.

தொட்டியை வடித்து, அடிச்சேற்றை அகற்றி, சுவர், தரை, ஏணி, மூடியின் உட்புறம் ஆகிய அனைத்தையும் தூரிகையால் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். உள்ளே இறங்குவோர் மூடிகளைத் திறந்து வைத்துக் காற்றோட்டம் ஏற்பட்ட பின்னரே இறங்க வேண்டும். இடுப்பில் கயிறும், வெளியே காவலாக ஓர் ஆளும் இன்றி ஒருவரையும் இறக்கலாகாது. பிளீச்சிங் பவுடருடன் அமிலத்தைக் கலத்தல் கூடவே கூடாது. நச்சுக் காற்று எழும்.

கழுவிய தொட்டியை நிரப்பி, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் இருக்குமாறு மருந்திட்டு ஒரு நாள் முழுதும் நிறுத்த வேண்டும். நூற்றுக்கு 25 பங்கு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடராயின் 1000 லிட்டருக்கு 200 கிராம் தேவைப்படும். 10,000 லிட்டர் தொட்டிக்கு 2 கிலோகிராம். இந்நீர் பருகத் தக்கதன்று. வீட்டுக் குழாய்களுக்கு அதனைத் திறந்துவிடாது, மீன் வளரும் குளத்திலோ ஆற்றிலோ சேர்க்காது, பயிரற்ற தரையில் வடியச் செய்து, தொட்டியை மீண்டும் நல்ல நீரால் அலசிய பின்னரே வழங்கத் தொடங்க வேண்டும். தூய்மை செய்த நாளைத் தொட்டியின் மேல் யாவரும் காண எழுதி வைத்தல் நலம்.

அன்றாட வழங்கலுக்கு 1000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் ஏறத்தாழ இரண்டரை கிராம் போதும். அதனைச் சிறிது நீரில் குழைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் தொட்டியில் சேர்த்து அரை மணி நேரம் கழித்தே நீரைத் திறக்க வேண்டும். திறந்து கிடந்த பழைய பவுடர் வலிமை இழந்துவிடும். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் இறுக மூடி வைத்தல் வேண்டும்.

அடுத்தது சோதனை. தொட்டியடியில் மட்டும் சோதித்து நிறைவு கொள்வது பெரும்பிழையாகும். தொட்டியடியில் ஒன்று, நடுத்தெருவில் ஒன்று, கடைசிக் குழாயில் ஒன்று என மூன்று இடங்களில் குளோரின் அளவைப் பார்க்க வேண்டும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர விதி. தொட்டியடியில் மருந்து நிறைந்தும் கடைசியில் இல்லாமலும் இருப்பின், வழியில் படலமோ உடைப்போ உள்ளது என்று அறியலாம். மேலும், நம் நாட்டு அறிஞர்கள் 1982-ஆம் ஆண்டில் வெளியிட்ட எளிய புட்டிச் சோதனை ஒன்றும் உண்டு. புட்டியில் நீரை ஊற்றி வைத்தால், மலக்கழிவு கலந்த நீர் ஒன்றிரண்டு நாட்களில் கறுத்துவிடும். பள்ளி மாணவரும் இதனைச் செய்யலாம்.

குழாய்களைப் பொறுத்தவரை, தெருவின் கடைமுனையிலுள்ள கழிவு வால்வை அவ்வப்போது முழுதும் திறந்து நீரை விரைந்து ஓடவிட்டால் தேங்கிய சேறும் தளர்ந்த படலமும் வெளியேறும். நீர் நின்று நின்று வரும் ஊர்களில், நீர் வராத வேளையில் குழாயினுள் அழுத்தம் குறைந்து, சாக்கடையோரத்து உடைப்பின் வழியே அழுக்கு நீர் உட்புகும். வீட்டு மோட்டாரைப் பொதுக் குழாயில் நேரே பொருத்தி உறிஞ்சுவோர் இத்தீமையை மிகுவிக்கின்றனர். தம் வீட்டிற்கு நீரைச் சேர்ப்பதாக எண்ணி ஊருக்குச் சாக்கடையை இழுக்கின்றனர். குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் ஒன்றன்மேல் ஒன்று செல்லுமிடங்களைப் பட்டியலிட்டு அவற்றை மாற்றியமைப்பது ஊராட்சியின் முதற்பணியாக வேண்டும். அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு வீலர் அகழ்ந்தபோது, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தொட்டிகளும், அவற்றிற்கு நீரைக் கொணரவும் வெளியேற்றவும் அமைத்த செங்கற் கால்வாய்களும் வெளிப்பட்டன. வரும் நீரையும் போகும் நீரையும் ஒழுங்குபடுத்தும் கலை இம்மண்ணிற்குப் புதிதன்று.

இல்லத்தார் செய்ய வேண்டுவன

குடத்தை நாள்தோறும் அலசுவது போதாது. உட்புறத்தைத் தேய்க்க வேண்டும். புளியும் சாம்பலும் இட்டுச் செம்பையும் பித்தளையையும் துலக்கிய நம் தாய்மாரின் வழக்கம் படலத்தை வேரோடு நீக்கும் வழக்கமேயாகும். செப்புக் குடத்தில் 16 மணி நேரம் வைத்த நீரில் வயிற்றுப்போக்குக் கிருமிகள் மடிந்ததைப் பெங்களூர் ஆய்வாளர்கள் 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டுள்ளனர். பிளாஸ்டிக் குடத்தின் கீறல்களில் படலம் எளிதில் தங்குமாதலால், மிகக் கீறிய குடத்தைக் குடிநீருக்குப் பயன்படுத்தாமல் விடுதல் நன்று. கையை விட்டு மொள்ளாமல் நீண்ட காம்புள்ள அகப்பையால் மொள்ளுதல் வேண்டும். மாடியிலுள்ள பிளாஸ்டிக் தொட்டிக்கும் மேற்கூறிய விதிகள் பொருந்தும்.

இவ்வளவும் செய்தும் எவருக்கேனும் நீராய்ப் பேதி கண்டால், ஒரு லிட்டர் தூய நீரில் மட்டமாக ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து அடிக்கடி பருகத் தந்து, காலந்தாழ்த்தாமல் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஒரே தெருவில் இருவருக்குக் கண்டால் அன்றே சுகாதாரப் பணியாளருக்கு அறிவிக்க வேண்டும்.

தொட்டி கட்டுவதற்குப் பெருந்தொகை வேண்டும். திறப்பு விழாவும் நடைபெறும். அதனைத் தேய்ப்பதற்கு வேண்டுவன ஒரு தூரிகையும், ஒரு நாள் உழைப்பும், தவறாத ஒழுங்குமே. அதற்கு விழா இல்லை. எனினும், கடைசித் தெருவில் உள்ள குழந்தையின் உடல்நலம் அவ்வொழுங்கையே நம்பியுள்ளது. அடுத்த கூட்டத்தில் ஊராட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும், நம் தொட்டி இறுதியாகத் தேய்க்கப்பட்ட நாள் எது, கடைசிக் குழாயில் குளோரின் அளவு யாது என்னும் இரு வினாக்களை எழுப்பி, அவற்றின் விடைகளை நிகழ்ச்சிக் குறிப்பில் பதியச் செய்வார்களாக.